மூக்கில்லாத படம்

போன மாதம் மலைமேல் செம்மேட்டில் ஒரு பிளெக்ஸ் கடை திறந்தார்கள். விளக்கேற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் ஆர்ட்ஸ் கடையை இழுத்து மூட வைத்ததே இந்தத் தொழில்தான். மூடியவனையே கூப்பிட்டு விளக்கேற்றச் சொல்வது நம் ஊர் மரியாதை. நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் கடையில் ஒரு சங்கதி வைத்திருக்கிறார்கள். செல்போனில் எடுத்த மூன்று போட்டோக்களைக் கொடுத்தால், வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒரே படமாகத் தந்துவிடுகிறார்கள். இடப்பக்கம் நின்று பார்த்தால் அப்பா, வலப்பக்கம் போனால் அம்மா, நேரே நின்றால் குழந்தை. அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறது. இதே வேலையைப் பலகையில் செய்து கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆகும். மழைக்காலமென்றால் செத்தவரையே வீட்டில் மறந்திருப்பார்கள், என் படம் இன்னும் காய்ந்திருக்காது.

கடைக்காரர் மைக்கை என் கையில் கொடுத்து, "ஐயா, நீங்க வரைஞ்சதுலயே எது உங்களுக்குப் புடிச்ச படமுங்க?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் படத்தைச் சொல்லி வைத்தேன். கை தட்டினார்கள். சொன்னது பொய். எனக்குப் பிடித்த படம் வளப்பூர் நாடு என்று நாங்கள் சொல்லும் மலைக் கிராமங்களில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதில் இருக்கும் பெண்ணுக்கு மூக்கு கிடையாது, கண்ணும் வாயும் கிடையாது. செம்மேட்டு ஆர்ட்டிஸ்டுக்குக் கை போய்விட்டது என்று மலை முழுக்கப் பேசிச் சிரித்த படம் அது. மைக்கில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதும்போது யாரும் எதிரில் நின்று சிரிக்க முடியாது என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை. கணக்கு வாத்தியாரின் முகம் மட்டும் நன்றாக வந்தது. அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு என் படிப்பு முடிந்தது. ராசிபுரத்தில் ஓர் ஆர்ட்ஸ் கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பிரஷ் கழுவினேன். அடுத்த இரண்டு வருடம், பிரஷ்ஷைச் சரியாகக் கழுவவில்லை என்று பேச்சு வாங்கினேன். அதற்குப் பிறகுதான் படம்.

அந்தக் கடை முதலாளியை எல்லாரும் ஓனர் என்றே கூப்பிடுவோம். அவர் யாரையும் திட்டியதே இல்லை. எங்களுக்கெல்லாம் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவர் திட்டித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாங்கள் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து இடது மூலையில் போட்டு உட்காருவார். கையில் கடலைப் பொட்டலம். கொஞ்சம் கொறித்துவிட்டு முக்காலியை நடுவில் போடுவார். பிறகு வலது மூலை. பொட்டலம் தீர்ந்ததும் எழுந்து சட்டையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு, "படம் ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆளுதான் யாருன்னு தெரியலீங்க" என்பார். ஒருமுறை, காலமான மண்டிக்காரர் ஒருவரை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சிரிக்கிற மாதிரி வரைந்துவிட்டேன். ஓனர் மூன்று மூலையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க ஆர்ட்டிஸ்டு, செத்ததுல இவருக்கே இவ்வளவு சந்தோசமுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூலைக்கு மூலை முகம் மாறும் அந்தப் படம்தான் எங்கள் கடையின் பெயரைச் சொல்லும் சரக்கு. பிளைவுட் பலகையில் பெயிண்டர்கள் சந்து அடைக்கும் பட்டியைக் கெட்டியாகப் பூசி, அது பாதி காய்ந்திருக்கும்போது மேலிருந்து கீழே ஒரு சீப்பை இழுக்க வேண்டும். உழவு ஓட்டிய காடு மாதிரி மேடும் பள்ளமுமாக வரி விழும். ஒவ்வொரு மேட்டுக்கும் இடச்சரிவு ஒன்று, வலச்சரிவு ஒன்று. இடச்சரிவுகளில் மட்டும் ஒரு முகத்தையும் வலச்சரிவுகளில் மட்டும் இன்னொரு முகத்தையும் வரைந்துவிட்டால், பார்க்கிறவர் நகர நகர முகம் மாறும். வண்ணத்துக்கு முன்னால் அலுமினியப் பொடி கலந்த வார்னிஷ் ஒரு பூச்சு உண்டு. அதற்கு மேல் எண்ணெய் தாராளமும் வண்ணம் சிக்கனமுமாக மெல்லிய பூச்சுகள், ஒன்று காய்ந்தபின் ஒன்று. வெளிச்சம் பூச்சுகளைத் தாண்டி உள்ளே போய்ப் பொடியில் பட்டுத் திரும்புவதால் தோலுக்கு ஓர் உயிர் வரும். காலை வெயிலில் பார்த்த முகம் சாயங்காலம் இருக்காது.

ஓனரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பலகையைத் தொடுவதற்கு முன்னால் படம் மாட்டப்போகும் வீட்டுக்குப் போய், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வருவார். பலகையின் முதுகில் பென்சிலால் எழுதுவார்: "பார்ப்பவர்: மகள். இடம்: கதவோரம், பாயில்." நானும் கடைசி வரைக்கும் அப்படியே எழுதினேன். எழுதினேனே தவிர, ஏன் எழுதுகிறோம் என்று யோசித்ததில்லை.

கல்யாணம் ஆனதும் மலைமேல் போட்டிக்கு ஆளில்லை என்று கணக்குப் போட்டுச் செம்மேட்டில் கடை வைத்தேன். கணக்கு வராது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ராசிபுரத்தில் மூன்று நாளில் காய்கிற பூச்சு இங்கே பனி இறங்கினால் பத்து நாளானாலும் பிசுபிசுக்கும். வேறு வழியில்லாமல் பலகைகளை எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே பரண் கட்டி அடுக்கினேன். "ஏனுங்க, எங்கப்புச்சி படத்துல கடுகு தாளிச்ச வாசம் வருதுங்க" என்று தாத்தா படம் வாங்கிப் போன ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். என் மனைவி சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆனாலும் பெயர் வந்தது. மூக்கால் வந்த பெயர். மூக்கின் நடுத்தண்டில் இரு சரிவுகளும் சேரும் இடம்தான் இந்த வேலையில் சிரமமானது. அது எனக்கு நன்றாக வந்தது. மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சத்தை வைத்துவிட்டால் ஆள் நடக்க நடக்க அது மின்னும். அந்த மின்னலைக் காட்ட, வந்தவர் போனவரையெல்லாம் அறையின் குறுக்கே நடக்க விடுவேன். தலைக்கனம்தான். அதை இறக்கிவைக்க ஒருவர் பஸ் ஏறி வந்தார்.

அவர் பெயர் சடையன். என்னைவிட மூத்தவர் என்பதால் சடையண்ணன் என்பேன். வளப்பூர் நாட்டில் பலா மரங்களும் மரத்துக்கு மரம் மிளகுக் கொடியுமாகச் சொந்தக் காடு உள்ளவர். மனைவி பாப்பாத்தி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பாலிதீன் கவரிலிருந்து அந்த அம்மாவின் ஓட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுல இருக்கறது அவ இல்லீங்க. போட்டோ புடிச்ச அன்னிக்கு அவளுக்குப் பல்லு வலி" என்றார். பிறகு, "உங்க படம் ஓரமாப் பாத்தாலும் தெரியுமுன்னு சொன்னாங்க. நெசமுங்களா?" என்று கேட்டார்.

எங்கே யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறவனிடம் கேட்டால் விடுவேனா? சீப்பு, சரிவு, பொடி என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

முறைப்படி அவர் வீட்டுக்குப் போனேன். கிழக்கே பார்த்த வாசல், ஒரே அறை, பக்கச் சுவரில் படத்துக்கு இடம், அதற்கு எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு கட்டில். பலகையின் முதுகில் எழுதினேன்: "பார்ப்பவர்: கணவர். இடம்: கட்டில், நேர் எதிரே." அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பாப்பாத்தியம்மாவின் அடையாளம் கேட்டேன். மூக்குக் கொஞ்சம் சப்பை, இடப்பக்கம் கல்லு மூக்குத்தி என்றார்கள். மூக்கென்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதற்கு மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டினேன். சடையண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு நொடி நேரே பார்த்தார். உடனே முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார். குரலில் உப்பில்லை.

அந்த மாதிரி "நல்லா இருக்குதுங்க" எத்தனையோ கேட்டு வளர்ந்தவன் நான். படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மூக்கைச் சுரண்டி மறுபடி வரைந்தேன். மறுபடி கொண்டுபோனேன். மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். சுவர் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று நானும் பார்த்தேன். மூன்றாவது முறை போனபோது பலாப்பழம் வாங்கலாம் என்று சரசுவும் கூட வந்தாள். அன்றைக்கும் அதேதான். மனுசன் படத்தை ஏறிட்டுப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் வாய்விட்டே புலம்பினேன்.

"ஏனுங்க, அவரு என்னையுந்தான் பாக்கல" என்றாள் சரசு. "கதவப் பாத்துக்கிட்டேதான் பேசுனாரு. ஆனா, 'பச்சச் சேல கட்டியிருக்கறது உங்க ஊட்டம்மாவுங்களா'ன்னு கேட்டாரே, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை.

"கதவப் பாக்கற மனுசனுக்கு எஞ்சேலக் கலரு எப்படித் தெரியும்? அவரு திரும்பிக்கிட்டாத்தான் பாக்கறாரு போலீங்க."

ஓரப்பார்வையை வைத்தே பிழைப்பு நடத்தியவன் நான். ஓரமாகப் பார்க்கிற ஒரு மனிதரை மூன்று முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பழம் வாங்கப் போனவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. மீதி வழியெல்லாம் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரம் தனியாகப் போய் நேராகவே கேட்டேன். சடையண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேராப் பாத்தா நடுவுல பொகை கட்டிக்குதுங்க" என்றார். "ஆளு மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இருக்காது. திரும்பிக்கிட்டா ஓரத்துல கொஞ்சம் தெரியும். ரெண்டு வருசமாச்சு. கண்ணு முகாமுல பாத்தேன். நடுப்பார்வை போனது போனதுதான்னு சொல்லிப்போட்டாங்க."

"ஊட்டுல தெரியுமுங்களா?"

"அவளுக்குத் தெரியும். அவ இருந்த வரைக்கும் யாரு வந்தாலும் மொதல்லயே பேரச் சொல்லிக் கூப்புட்டுருவா. நானும் தெரிஞ்ச மாதிரி பேசிக்குவேன். பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா நாளைக்கே கீழ கூட்டிக்கிட்டுப் போயிருவான். நான் இந்தக் காட்ட உட்டுப்போட்டு வர மாட்டனுங்க. அவளப் பொதச்சது இங்கதான். நீங்களும் சொல்லீராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

"இந்த ஓரமும் எத்தன நாளைக்கோ தெரியல. அதுக்குள்ள ஒருக்கா அவளப் பாத்துரோணுமுங்க. அவ்வளவுதான்" என்றார். மூன்று முறை அந்த மனிதர் மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய மூக்குக்கண்ணாடியில் ஒவ்வொரு சில்லின் நடுவிலும் கறுப்பு டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டினேன். அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்தேன். முதல் காரியமாக டர்பன்டைன் டப்பாவில் கால் வைத்தேன். போர்டு எழுதக் கேட்டு வந்த ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "அப்பறமா வாரேனுங்க" என்று போய்விட்டார். கடையிலிருந்த படங்களை முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லா முகமும் களி. நான் உயிரைக் கொடுத்து வரைந்த மூக்குகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் கூந்தலின் கறுப்பு, தோளின் சாய்வு, எதுவாவது அசைந்தால் அந்த அசைவு. அவ்வளவே.

மறுபடி வளப்பூருக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது.

"அண்ணா, தூரத்துல வாரது அவங்கதான்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?" என்று சடையண்ணனைக் கேட்டேன்.

"மூக்கப் பாத்தா கண்டுபுடிப்பாங்க?" என்றார் அவர். "வெறகு சொமந்து சொமந்து தல எடதுபக்கமாச் சாஞ்சிருக்கும். ஒரு தோளு ஒசந்திருக்கும். சிரிச்சான்னா தலைய அண்ணாந்துருவா. ஊரே பாக்குது, வாய மூடுடின்னா இன்னுங் கொஞ்சம் அண்ணாந்துருவா."

இரண்டு மடங்கு பெரிய பலகை எடுத்தேன். சீப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மரப்பட்டையில் விரலகலத்துக்குப் பல் வெட்டி, அதைப் பட்டியில் இழுத்தேன். இடச்சரிவுகளில் சாய்ந்த தலை. வலச்சரிவுகளில் அண்ணாந்த தலை. கூந்தல் கன்னங்கறுப்பு, சேலை வெளேரென்று, தோளிலும் கழுத்திலும் பொடி இரண்டு பூச்சு. முகத்தில் ஒன்றும் இல்லை. கை கேட்கவில்லை. இரண்டு தடவை திருட்டுத்தனமாக ஒரு மூக்கை வைத்துப் பார்த்தேன். டேப் ஒட்டிய கண்ணாடியைப் போட்டால் அது இருக்கிற இடமே தெரியவில்லை. துடைத்துவிட்டேன். நேரே நின்று பார்த்தால் ஓர் உடம்பில் இரண்டு தலை ஒட்டிக்கொண்ட மாதிரி, பார்க்கவே சகிக்காது. என் பெயரை ஓரத்தில் எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் எழுதினேன்.

ஒரு காலை வெயிலில் அதைச் சுவரில் மாட்டினேன். சடையண்ணன் கட்டிலில் உட்கார்ந்து முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பை மெல்ல ஒருபக்கம் சாய்த்தார், நிமிர்ந்தார், மறுபக்கம் சாய்ந்தார். மறுபடியும் அதேபோல.

"சிரிக்கறா" என்றார். "சிரிக்கறாளுங்க."

நான் வெளியே வந்து பலா மரத்தடியில் நின்று அழுதேன். வாழ்நாளில் என் படத்தைப் பார்த்து நானே அழுதது அன்றைக்குத்தான். மற்ற படங்களைப் பார்த்துப் பிறர் அழுததுண்டு, வேறு காரணங்களுக்காக.

அத்தோடு முடிந்திருந்தால் கதை வேறு. பாப்பாத்தியம்மாவின் முதல் வருடச் சடங்குக்கு எங்களையும் கூப்பிட்டார்கள், போனோம். மகன் ராசு வந்திருந்தான். கல்யாணமானதும் முள்ளுக்குறிச்சிக்குக் குடிபோய் லோடு வண்டி ஓட்டுகிறவன். மாதம் ஒருமுறை அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, "வாரனுங்கப்பா" என்று அங்கிருந்தே போய்விடுவானாம். அன்றைக்குத்தான் உள்ளே வந்தான். படத்துக்கு நேர் எதிரே நின்றான்.

"என்னங்க இது? எங்கம்மாவுக்கு மூக்கு எங்கீங்க?" என்றான்.

பின்னால் சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓர் அம்மா களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. மூக்குக்குப் பெயர் போனவன் மூக்கறுபட்டு நின்றேன். வாக்குக் கொடுத்திருந்தேனே, என்ன சொல்வது?

"வயசாயிப்போச்சு தம்பி. கண்ணு மங்கிப்போச்சு, கையும் நிக்கறதில்ல" என்றேன்.

"அப்படின்னா வேலைய வாங்காம உட்டிருக்கோணுமுங்க" என்றான். அவன் சொன்னது நியாயம். "நான் ராசிபுரத்துல ஓட்டு அட்டைப் போட்டோவையே பெருசாப் போட்டுக் கொண்டாரேன்" என்று சொல்லிக்கொண்டே பலகையை ஆணியிலிருந்து தூக்கினான்.

"எடுக்காத" என்றார் சடையண்ணன்.

"ஊரே சிரிக்குதுங்கப்பா."

"சிரிக்கட்டும். எடுக்காத சாமி. எனக்கு அது ஒண்ணுதான் தெரியுது."

ராசுவுக்கு விளங்கவில்லை. பலகையைத் தூக்கிய கையோடு நின்றான்.

"எனக்குக் கண்ணுல நடுப்பார்வை போயிருச்சு. ரெண்டு வருசமாச்சு. உம் மூஞ்சி தெரியாது, இங்க இருக்கற ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. ஓரத்துல அவ மட்டுந் தெரியறா. அதை மாட்டிரு."

மலையை விட்டுக் கீழே போகக்கூடாது என்று இரண்டு வருடம் மூடிவைத்ததை, அந்தப் பலகை ஆணியில் இருக்க வேண்டும் என்பதற்காகத் திறந்து கொட்டிவிட்டார். ராசு பிறகு அவரைக் கீழே கூட்டிப் போகவில்லை என்பதையும், வாரம் தவறாமல் அவனே மேலே வந்து ஒரு நாள் தங்குகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அவன் படத்தை ஆணியில் மாட்டினான். பிறகு அப்பா பக்கம் திரும்பினான்.

"அப்ப நான் வாரப்பவெல்லாம்... கீழ குடிபோன கோவத்துலதான் என்னயக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறீங்கன்னு நெனச்சனுங்கப்பா. அதனாலதான் உள்ளயே வாரதில்ல."

"கோவமா?" என்றார் சடையண்ணன். "உன்னப் பாக்கத்தாஞ் சாமி திருப்புனேன்."

ராசு அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றான். அது தப்பான இடம் என்று அவனுக்கே தோன்றியது. இடப்பக்கம் நகர்ந்தான். பிறகு வலப்பக்கம் நகர்ந்தான். என்னைப் பார்த்து, "நான் எங்கீங்க நிக்கோணும்?" என்று கேட்டான்.

சடையண்ணன்தான் பதில் சொன்னார்.

"நீ எங்க வேணா நில்லு சாமி. நாந் திரும்பிக்கறேன்."